ஒரு மேலாண்மை ஆய்வாளரின் ஆய்வுப் பங்களிப்பையும் மேற்கோள் தாக்கத்தையும் மதிப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு மேலாண்மைப் பேராசிரியரின் பெயரைக் கூகுள் ஸ்காலரில் தட்டினால் அவருடைய பக்கத்தில் மூன்று எண்கள் வந்து நிற்கும்: மொத்த மேற்கோள்கள் (மற்ற ஆய்வுகள் அவருடைய எழுத்தைச் சுட்டிய எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் (குறைந்தது எச் மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் எச் எண்ணிக்கையில் இருந்தால் அந்த எச்), ஐ10-இண்டெக்ஸ் (பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை). நியமனக் குழுவில் இருப்பவர், பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பவர், முனைவர் பட்டத்துக்கு நெறியாளர் தேடும் மாணவர் எல்லோரும் முதலில் பார்ப்பது அங்கேதான். பலர் அதற்கு மேல் போவதில்லை. இப்படிப்பட்ட விவரங்களைத் தொகுத்துக் கொடுக்கும் வேலையில் நான் பல வருடங்களாக இருக்கிறேன். அந்த மூன்று எண்களை மட்டும் பார்த்து நல்ல ஆய்வாளர்களைக் கைவிட்டதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் சொந்தப் பட்டியலைத் தயாரிப்பதற்கும் இதே வழிதான்.

முதல் படி: எதற்காக அளக்கிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"இவர் எப்படிப்பட்ட ஆய்வாளர்?" என்ற கேள்விக்கு எந்தத் தரவுத்தளத்திலும் பதில் இல்லை. "கடந்த ஐந்து வருடங்களில் தொடர்ந்து எழுதியிருக்கிறாரா?", "இவருடைய கருத்தை மற்றவர்கள் எடுத்து வளர்த்திருக்கிறார்களா?", "தனியாக ஓர் ஆய்வை நடத்தும் திறன் இவருக்கு உண்டா?" என்பவை பதில் கிடைக்கக்கூடிய கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டிய எண் வேறு. கேள்வியைத் தாளின் தலையில் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: ஆள் அவர்தானா என்று உறுதி செய்யுங்கள்

கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறந்தன. லீ, வாங், சிங், குமார் போன்ற பெயர்களில் மேலாண்மைத் துறையிலேயே பலர் எழுதுகிறார்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள், ஒரு கட்டுரையில் முழுப்பெயரும் இன்னொன்றில் முதலெழுத்தும் போட்டவர்கள் என்று சிக்கல் நீளும்.

முதலில் அவருடைய ஆர்கிட் எண்ணைத் தேடுங்கள். 2012 முதல் வழங்கப்படும் 16 இலக்க அடையாளம் அது. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. அடுத்து அவரே வெளியிட்டிருக்கும் தன்விவரக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வருடம் எங்கே பணியாற்றினார், யாருடன் எழுதினார் என்பது கையில் இருந்தால் தவறான ஆளின் கட்டுரை உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிடும். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் தரும் ஆசிரியர் எண்ணைக் கணினியே உருவாக்குகிறது. அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள் இருப்பதும், இரண்டு பேர் ஒரே எண்ணுக்குள் இருப்பதும் உண்டு. இரண்டையும் திருத்தக் கோரலாம்.

மூன்றாம் படி: மூன்று தரவுத்தளங்களிலும் பாருங்கள்

யூஜீன் கார்ஃபீல்டு 1964இல் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணையின் வாரிசுதான் இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ். தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் சேர்ப்பது அதன் வழக்கம். ஸ்கோபஸும் கூகுள் ஸ்காலரும் 2004இல் வந்தன. ஸ்கோபஸ் சற்று அகலமானது. கூகுள் ஸ்காலரோ இணையத்தில் கல்விசார்ந்து தெரிகிற எதையும் அள்ளிக்கொள்ளும்: ஆய்வேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள், வரைவு நிலைக் கட்டுரைகள், நூல்கள், சில சமயம் பாடக்குறிப்புகளும்கூட.

மேலாண்மையில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. மருத்துவத்தில் முக்கியமான எல்லாமே இதழ்க் கட்டுரையாக வரும். மேலாண்மையிலோ நூல்களுக்கும் வரைவுக் கட்டுரைகளுக்கும் இன்னும் மதிப்பு இருக்கிறது. ஆகவே ஒரே ஆளுக்கு ஸ்காலரில் ஓர் எண்ணும் வெப் ஆஃப் சயின்ஸில் அதில் பாதிக்கும் குறைவான எண்ணும் வந்தால் திடுக்கிட வேண்டாம். இரண்டும் பொய்யில்லை, இரண்டும் வெவ்வேறு வலைகள். தவறு எங்கே நேர்கிறது என்றால், ஒருவருக்கு ஸ்காலர் எண்ணையும் இன்னொருவருக்கு ஸ்கோபஸ் எண்ணையும் எடுத்து ஒப்பிடும்போது.

நிறுவனச் சந்தா இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2022இல் தொடங்கிய ஓபன்அலெக்ஸ் திறந்த தரவு. சர்வதேச மேலாண்மைப் பேராசிரியரான ஆன்-வில் ஹார்சிங் 2006 முதல் இலவசமாகத் தரும் 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' மென்பொருளில் ஸ்காலர் உட்படப் பல மூலங்களிலிருந்து பட்டியலை இறக்கி, நேராக எக்ஸெலுக்குக் கொண்டுவரலாம். ஒரு மேலாண்மை ஆய்வாளரே தன் துறையினருக்காகச் செய்த கருவி என்பதால் எனக்கு அதன்மீது தனி மரியாதை உண்டு.

நான்காம் படி: பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

இறக்கிய பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். ஒவ்வொரு வரியையும் பாருங்கள். நூறு வரி இருந்தால் நூறையும்தான்.

ஒரே கட்டுரை இரண்டு மூன்று முறை வந்திருக்கும். வரைவாக ஒரு தலைப்பில், மாநாட்டில் இன்னொரு தலைப்பில், இதழில் மூன்றாவது தலைப்பில். மேலாண்மையில் ஒரு கட்டுரை சமர்ப்பித்த நாளிலிருந்து அச்சேறும் வரை இரண்டு மூன்று வருடம் ஆவது சாதாரணம். மதிப்பீட்டாளர்கள் கேட்டு ஆசிரியர்கள் தலைப்பையே மாற்றுவதும் நடக்கும். இவற்றை ஒன்றாக்கினால் கட்டுரைகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் சிதறியிருந்த மேற்கோள்கள் ஓரிடத்தில் சேர்வதால் எச்-இண்டெக்ஸ் கூடவும் வாய்ப்புண்டு. ஸ்காலர் பக்கத்தில் மேற்கோள் எண்ணுக்கு அருகே நட்சத்திரக் குறி தெரிந்தால், அங்கே ஏற்கெனவே இணைப்பு நடந்திருக்கிறது என்று பொருள். இணைத்தது சரியான கட்டுரைகளைத்தானா என்று திறந்து பாருங்கள்.

பிறகு வகை பிரியுங்கள். மூலத்தரவு வைத்து எழுதிய ஆய்வு, கோட்பாட்டுக் கட்டுரை, மீள்பார்வை, ஆய்வுமுறைக் கட்டுரை, நூல், நூல் அத்தியாயம், தலையங்கம், நூல் மதிப்புரை, கற்பித்தலுக்கான நிறுவன நேர்வு (கேஸ் ஸ்டடி) என எக்ஸெலில் ஒரு நெடுவரிசை போட்டு ஒவ்வொன்றுக்கும் பெயரிடுங்கள். ஒரு தலையங்கத்தையும் மூன்று வருடக் கள ஆய்வையும் ஒரே "வெளியீடு" என்று எண்ணுவது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம். மீள்பார்வைக் கட்டுரைகளும் ஆய்வுமுறைக் கட்டுரைகளும் இயல்பாகவே அதிக மேற்கோள் பெறும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இன்னொரு நெடுவரிசை ஆசிரியர் வரிசைக்கு. மேலாண்மையில் பொதுவாகப் பங்களிப்பின் அளவுப்படிதான் பெயர்கள் வரும். நிதியியலும் பொருளியலும் தொட்ட கட்டுரைகளில் அகர வரிசையும் புழங்குகிறது. ஆய்வகத் துறைகளில் கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. இங்கே அப்படிப் படிக்கக் கூடாது.

ஐந்தாம் படி: கணக்குப் போடுங்கள்

ஒரு கற்பனை ஆய்வாளரை எடுத்துக்கொள்வோம். 2012இல் முதல் கட்டுரை. 2024 வரை 12 கட்டுரைகள். ஸ்கோபஸில் அவற்றுக்கான மேற்கோள்கள், பெரியதிலிருந்து சிறியதாக:

410, 95, 62, 40, 21, 14, 9, 8, 5, 3, 1, 0

மொத்தம் 668. சராசரி ஏறக்குறைய 56. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடுமதிப்பு 11.5தான். 410 மேற்கோள் பெற்ற ஒரே கட்டுரை மொத்தத்தில் 61 சதவீதத்தைச் சுமக்கிறது. மேற்கோள்கள் எந்தத் துறையிலும் இப்படித்தான் ஒரு பக்கம் சாய்ந்து குவியும். ஆகவே சராசரியைத் தனியாக யாருக்கும் காட்டாதீர்கள். பக்கத்தில் நடுமதிப்பும் இருக்கட்டும்.

எச்-இண்டெக்ஸ் 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்தது. மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். எட்டாவது கட்டுரைக்கு 8 மேற்கோள் இருக்கிறது. ஒன்பதாவதற்கு 5தான், அது ஒன்பதை எட்டவில்லை. எனவே எச் 8. பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஆறு என்பதால் ஐ10 மதிப்பு 6.

இப்போது 410ஐ எடுத்துவிட்டுப் பாருங்கள். மொத்தம் 668இலிருந்து 258 ஆகச் சரிகிறது. எச் 8இலிருந்து 7 ஆக மட்டும் குறைகிறது. எச்-இண்டெக்ஸின் பலமும் பலவீனமும் இந்த ஒரே கணக்கில் தெரிகின்றன: ஒற்றை வெற்றியால் அதை ஊத வைக்க முடியாது, ஒற்றைப் பெரிய பங்களிப்பை அது கண்டுகொள்வதும் இல்லை. இந்தக் குறையை நிரப்பவே 2006இல் லியோ எக்கே ஜி-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். முதல் ஜி கட்டுரைகளின் மேற்கோள்களைக் கூட்டினால் ஜி வர்க்கத்தைத் தொட வேண்டும். நம் ஆய்வாளருக்குப் பன்னிரண்டின் மொத்தம் 668. பன்னிரண்டின் வர்க்கம் 144. ஆகவே ஜி 12. கட்டுரைகள் தீர்ந்துபோனதால்தான் அங்கே நிற்கிறது.

அடுத்து, அந்த 410 கட்டுரையை நான்கு பேர் சேர்ந்து எழுதியிருந்து நம் ஆய்வாளர் மூன்றாவது பெயர் என்றால்? பங்கிட்டால் ஆளுக்கு 102.5. பங்கிடுவது மட்டுமே நியாயம் என்று நான் சொல்லவில்லை. கூட்டு உழைப்பை வகுத்தல் கணக்கால் முழுக்கப் பிரிக்க முடியாது. ஆனால் முழு எண்ணையும் பங்கிட்ட எண்ணையும் அருகருகே வைத்தால் குழுவில் உள்ளவர்கள் சரியான கேள்வியைக் கேட்பார்கள்.

ஆறாம் படி: ஒத்தவரோடு ஒப்பிடுங்கள்

1998இல் எழுதத் தொடங்கியவருக்கு எச் 24. 2015இல் தொடங்கியவருக்கு எச் 14. 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி வருடத்தால் வகுத்தால் முதலாமவருக்கு 0.92, இரண்டாமவருக்கு 1.56. மூத்தவர் தாழ்ந்தவர் என்று இதற்கு அர்த்தமில்லை. காலத்தைச் சேர்க்காத எச் வெறும் வயதுக் கணக்காக மாறிவிடுகிறது என்பதுதான் பொருள். மகப்பேறு விடுப்பு, உடல்நலக் குறைவு, நிர்வாகப் பொறுப்பு ஆகியவற்றுக்காக எழுதாமல் இருந்த வருடங்களைக் கழித்தே வகுக்க வேண்டும். இதை விட்டுவிடுகிற கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் தவறானது.

துறைக்குள் துறையும் பாருங்கள். உத்தி, நிறுவன நடத்தை, தகவல் அமைப்புகள் போன்ற பிரிவுகளில் எழுதுபவர்கள் அதிகம். மேற்கோளும் வேகமாகச் சேரும். மேலாண்மை வரலாறு, கணக்கியல் வரலாறு போன்ற சிறு பிரிவுகளில் படிப்பவர்களே குறைவு. இதைச் சரிக்கட்ட ஸ்கோபஸ் தரவில் துறைவாரி ஈடுகட்டிய மேற்கோள் அளவு கிடைக்கிறது. அதே துறை, அதே வருடம், அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரி 1.00, ஒருவருக்கு 1.50 என்றால் சராசரியைவிட 50 சதவீதம் கூடுதல். பத்துப் பன்னிரண்டு கட்டுரை மட்டும் உள்ளவருக்கு ஒரே ஒரு கட்டுரை இந்த எண்ணை வானுக்கு ஏற்றிவிடும் என்பதால் எச்சரிக்கையாகக் கையாளுங்கள்.

"உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்" பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். ஜான் அயோனிடிஸ் குழுவினர் ஸ்கோபஸ் தரவிலிருந்து தயாரிப்பது அது. வாழ்நாள் பட்டியல், ஒற்றை வருடப் பட்டியல் என்று இரண்டு உண்டு. யாராவது அதில் இடம்பெற்றதாகச் சொன்னால் எது என்று கேளுங்கள். கடைசி ஆசிரியருக்கும் அது தனி மதிப்புக் கொடுக்கிறது. மேலாண்மையில் அந்த மதிப்புக்குப் பொருள் குறைவு.

ஏழாம் படி: இதழ்ப் பட்டியல்களை அளவோடு பயன்படுத்துங்கள்

மேலாண்மைத் துறைக்கே உரிய பழக்கம் இது. ஃபைனான்ஷியல் டைம்ஸின் 50 இதழ்கள், டல்லஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் 24 இதழ்கள், பிரிட்டனின் இதழ் வழிகாட்டியில் 1 முதல் 4 வரையும் அதற்கு மேல் 4 நட்சத்திரமும், ஆஸ்திரேலியப் பட்டியலில் ஏ நட்சத்திரம், ஏ, பி, சி. ஒருவர் "நான்கு நட்சத்திர இதழில் இரண்டு கட்டுரை" என்று சொன்னால் துறையினருக்கு உடனே புரிகிறது. கடுமையான மதிப்பீட்டைத் தாண்டி வந்திருக்கிறது என்பதற்கு அது ஓரளவு சான்றுதான்.

ஆனால் இதழின் மதிப்பைக் கட்டுரையின் மதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதழ்களுக்குத் தரப்படும் இம்பேக்ட் ஃபேக்டர் என்ற எண்ணைக் கணக்கிடும் முறையே அதைச் சொல்லிவிடும். ஓர் இதழின் 2023ஆம் ஆண்டு எண் வேண்டுமென்றால், 2021, 2022இல் வந்த கட்டுரைகள் 2023இல் பெற்ற மேற்கோள்களை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். அது ஒரு சராசரி. முன்பு பார்த்த சாய்வு இங்கேயும் உண்டு. மெதுவாக வேரூன்றும் மேலாண்மைக் கருத்துகளுக்கு இரண்டு வருடம் மிகக் குறுகிய காலமும்கூட. 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் 2015இன் லைடன் அறிக்கையும் தனிநபரை இதழ் எண்ணால் அளப்பதை எதிர்ப்பதற்கு இதுவே காரணம். உங்கள் நிறுவனம் அந்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள். இட்டிருந்தால் அறிக்கையில் இம்பேக்ட் ஃபேக்டருக்கு இடமில்லை.

எட்டாம் படி: மேற்கோள்களைத் திறந்து படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

உள்வாங்கும் திறன் என்ற கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் புதிய அறிவின் மதிப்பை உணர்ந்து, உள்ளிழுத்து, பயன்படுத்தும் ஆற்றல் ஒரு நிறுவனத்துக்கு எங்கிருந்து வருகிறது என்று வெஸ்லி கோஹனும் டேனியல் லெவின்தாலும் 1990இல் எழுதினார்கள். மேலாண்மையில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. 2006இல் லேன், கோகா, பதக் மூவரும் அந்தக் கருத்தைப் பயன்படுத்திய 289 கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை போகிற போக்கில் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தன. கருத்தைச் சோதித்தவையும் வளர்த்தவையும் கொஞ்சமே. இவ்வளவு பெரிய கட்டுரைக்கே இதுதான் நிலைமை என்றால், நம் கையில் இருக்கும் 410 எதைச் சொல்கிறது என்று கேட்காமல் இருக்க முடியுமா?

செய்முறை இது. ஆய்வாளரின் முக்கியமான மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுங்கள். எவை என்று அவரையே கேட்டால் இன்னும் நல்லது. ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டியவற்றிலிருந்து இருபதை எடுங்கள். மேலே தெரியும் இருபதை எடுக்காதீர்கள். பழையவை, புதியவை, பெரிய இதழ், சிறிய இதழ் எல்லாம் கலந்து வரட்டும். அந்தக் கட்டுரைகளில் நம் ஆய்வாளரின் பெயர் வரும் வாக்கியத்தைத் தேடி எக்ஸெலில் ஒட்டுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வகை கொடுங்கள்.

அடைப்புக்குள் ஐந்தாறு பெயர்களோடு கும்பலாக வந்திருந்தால் அது சம்பிரதாய மேற்கோள். அளவுகோலையோ வினாநிரலையோ எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் கருவி மேற்கோள். போர்னலும் லார்க்கரும் 1981இல் எழுதியது, போட்சகாஃப் குழுவினர் 2003இல் எழுதியது போன்ற ஆய்வுமுறைக் கட்டுரைகளுக்கு வந்து குவிபவை பெரும்பாலும் இந்த வகை. கருத்தை எடுத்து வேறு சூழலில் சோதித்திருந்தால் அது வளர்ச்சி. மறுத்திருந்தால் அது எதிர்ப்பு. எதிர்ப்பைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். மறுக்கத் தகுந்தது என்று ஒருவர் உழைத்து எழுதியிருக்கிறார் என்றால் அந்தக் கருத்துக்கு எடை இருக்கிறது.

அறுபது வாக்கியம் படிக்க மூன்று மணி நேரம் ஆகும். நான் செய்தவற்றில், 90 மேற்கோள் மட்டுமே உள்ள ஒருவரின் கட்டுரையைச் சுற்றி ஒரு சிறு விவாதமே நடந்துகொண்டிருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தேன். எண் வரிசையில் அவர் கடைசியில் இருந்தார்.

ஒன்பதாம் படி: வீக்கத்தைக் கண்டுபிடியுங்கள்

தன் முந்தைய வேலையைத் தானே மேற்கோள் காட்டுவது குற்றமில்லை. பத்து வருடமாக ஒரே கேள்வியைத் துரத்துபவர் வேறு யாரைக் காட்டுவார்? ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் தன்மேற்கோளை நீக்கிய எண்ணைப் பார்க்கலாம். ஸ்காலரில் அந்த வசதி இல்லை. நீக்கியபின் எச் சட்டென்று சரிந்தால் காரணம் தேடுங்கள். ஒரே நான்கைந்து பேர் ஒருவரையொருவர் மாறி மாறிக் காட்டிக்கொள்வது எண்ணில் தெரியாது. எட்டாம் படியில் ஒட்டிய பெயர்களில் தெரிந்துவிடும்.

இதழ்களின் பக்கமும் தவறு உண்டு. வில்ஹைட்டும் ஃபாங்கும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பதிலளித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், தேவையே இல்லாமல் தங்கள் இதழை மேற்கோள் காட்டும்படி இதழாசிரியர்கள் வற்புறுத்தியதாகச் சொன்னார்கள். வணிகவியல் சார்ந்த இதழ்கள் அதில் முன்னணியில் இருந்தன. நம் துறைக்கு இது தலைகுனிவு. இந்த வழியில் வந்த மேற்கோள்களும் ஏதோ ஒருவருடைய கணக்கில் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

கடைசியாக, ஒவ்வொரு கட்டுரையின் டிஓஐ எண்ணையும் (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்), திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் தேடுங்கள். 2023 முதல் அது டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாகத் திறந்தே கிடைக்கிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கும் மேற்கோள் வந்துகொண்டே இருக்கும். மொத்தத்தில் அவை கலந்திருக்கும். ஒன்று அகப்பட்டால் அறிவிப்பைப் படித்துவிட்டுப் பேசுங்கள். நேர்மையான பிழையைத் தானே கண்டறிந்து திரும்பப் பெற்றவரையும் தரவைப் புனைந்தவரையும் ஒரே வரியில் எழுதக் கூடாது.

பத்தாம் படி: கல்வி உலகத்துக்கு வெளியே

மேலாண்மை நடைமுறைத் துறை. ஓர் ஆய்வு நிறுவனங்கள் நடக்கும் விதத்தை மாற்றியும் மேற்கோள் இல்லாமல் கிடக்கலாம். கொள்கை ஆவணங்களில் பெயர் வந்திருக்கிறதா, வேறு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் இருக்கிறதா, நிறுவன நேர்வுகள் வகுப்பறைகளில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பிரிட்டனின் தேசிய ஆய்வு மதிப்பீட்டில் இத்தகைய சமூகத் தாக்கத்துக்கு 2014இல் 20 சதவீதமும் 2021இல் 25 சதவீதமும் எடை கொடுத்தார்கள். சமூக ஊடகப் பகிர்வு எண்களை நான் சேர்ப்பதில்லை. அவை கவனத்தைக் காட்டுகின்றன, பயன்பாட்டைக் காட்டுவதில்லை.

பதினோராம் படி: அறிக்கை எழுதுங்கள்

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தி இப்படி இருக்கலாம்:

"2012 முதல் 2024 வரை 12 கட்டுரைகள், ஐந்தில் முதல் ஆசிரியர். ஸ்கோபஸில் மொத்த மேற்கோள் 668. இதில் 410 நால்வர் எழுதிய ஓர் ஆய்வுமுறைக் கட்டுரைக்கு உரியது. அதை நீக்கினால் 258, எச் 7. படித்துப் பார்த்த 60 மேற்கோள்களில் 14 இவருடைய கருத்தைச் சோதித்தோ வளர்த்தோ மறுத்தோ எழுதப்பட்டவை. அவற்றில் 11, இரண்டாவதாக அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையைப் பற்றியவை."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். 95 மேற்கோள் கொண்ட கட்டுரைதான் இவருடைய உண்மையான பங்களிப்பு என்று அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. குழுவினர் அந்தக் கட்டுரையை எடுத்துப் படிக்கத் தொடங்குவார்கள். அதன் முதல் பக்கத்தை அறிக்கையோடு இணைத்து அனுப்புங்கள்.

எந்தத் தரவுத்தளம், எந்த நாளில் எடுத்தது என்பது ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் இருக்க வேண்டும். அடுத்த வாரமே எண் மாறிவிடும். அனுப்புவதற்கு முன் அறிக்கையையும் எக்ஸெல் கோப்பையும் அந்த ஆய்வாளரிடமே காட்டி, விட்டுப்போனது உண்டா, தவறாகச் சேர்ந்தது உண்டா என்று கேளுங்கள். அவர் சொல்லும் திருத்தங்களைச் சரிபார்த்துச் சேர்த்த பிறகு குழுவுக்கு அனுப்புங்கள்.